அச்சம் எந்த வேற்றுமை?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கடிதம் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை நான் எழுதவில்லை. என் மாணாக்கன் ஒருவன் எழுதினான். ஆயினும் அதிலிருந்த பிழைகளுக்கு உரியவன் நானே.

ஆண்டு 2003. திருக்கோணமலைத் துறைமுகத்தின் உட்கரையோரம், கடற்றொழிலையே நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை அவன். நீச்சலில் அவனுக்கு நிகரானவர் எங்கள் பாடசாலையில் இல்லை. கப்பல்களுக்குப் பணியாள் சேர்க்கும் நிறுவனமொன்றின் விளம்பரத்தைப் பத்திரிகையிற் கண்டு, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி, என்னிடம் காட்ட வந்தான். நான் தமிழ்ப் பண்டிதன். கீழைத்தேயக் கல்லூரியிலே தொல்காப்பியமும் நன்னூலும் பாடங்கேட்டவன். ஆங்கிலம் எனக்குப் பின்னாளில், புத்தகத்தின் வழியாக, இலக்கண விதிகளாகவே வந்து சேர்ந்தது. எனினும் அக்காலத்தில் ஆங்கில ஆசிரியர் இல்லாத குறையை நிரப்ப அந்தப் பாடத்தையும் சில வகுப்புக்களுக்கு நானே நடத்திவந்தேன்.

என்னிடம் ஓர் அட்டவணை இருந்தது. கரும்பலகையில் இருபுறமும் எழுதிப் போடுவேன். 'ஆல்' என்பதற்குப் 'பை'. 'ஓடு' என்பதற்கு 'வித்'. 'கு' என்பதற்கு 'டு'. 'இன்' என்பதற்கு 'ஃப்ரம்'. 'அது' என்பதற்கு 'ஒவ்'. 'கண்', 'இல்' என்பவற்றுக்கு 'இன்'. வேற்றுமையுருபு தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்து முன்னிடைச்சொற்கள் விளையாட்டு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். உருபு பெயருக்குப் பின்னே நிற்கும். ஆங்கிலத்தில் அதுவே முன்னே போய் நிற்கும். வேறுபாடு அவ்வளவுதான் என்பது என் போதனை.

அந்தப் பிள்ளை என் அட்டவணையை எழுத்துப் பிசகாமற் பின்பற்றியிருந்தான். நீச்சலில் வல்லவன் என்பதை 'குட் இன் ஸ்விம்மிங்' என்றும், ஆழ்நீருக்கு அஞ்சாதவன் என்பதை 'நொட் அஃப்ரெயிட் டு டீப் வாட்டர்' என்றும் எழுதியிருந்தான். குடும்ப விவரங் கூறுமிடத்து, தமக்கை ஒரு மாலுமியை மணந்தவள் என்பது 'மேரீட் வித்' என்று வந்திருந்தது. நான் படித்துப் பார்த்து, 'நன்று' என்று கூறிக் கொடுத்தனுப்பினேன்.

நேர்முகப் பரீட்சையில் அவ்வரிகளை ஒருவர் உரத்து வாசித்தாராம், உடனிருந்தவர்கள் சிரித்தார்களாம். வேலை கிடைக்கவில்லை. அதற்கு ஆங்கிலம் ஒன்றுதான் காரணமென்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வந்த பிள்ளை என்னைக் குறை கூறவில்லை. "இனி எனக்கு இங்கிலீசு வேண்டாம் ஐயா" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனான். குறை கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்று மாலை அந்தக் கடிதத்தின் பிரதியை என் தந்தையாரிடம் காட்டினேன். அவர் இளமையில் ஆங்கிலேயக் கடற்படையின் கப்பற்பட்டறையிலே தொழிலாளியாக இருந்தவர். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் திருக்கோணமலைத் தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை அங்கே வேலை செய்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். ஆங்கிலத்தைக் கண்ணாற் படியாது காதினாற் படித்தவர். கடிதத்தைக் கேட்டவுடன், "ஆழத் தண்ணிக்கு 'டு' வராது தம்பி, 'ஒவ்' எண்டுதான் வரும்" என்றார். ஏன் என்றேன். "ஏனெண்டு கேட்டால்? அப்பிடித்தான்" என்றார்.

தந்தையாருக்கு அந்த விடை போதுமாயிருந்தது. ஆசிரியனுக்குப் போதுமா? 'அப்படித்தான்' என்று சொல்லி ஒரு பாடத்தை நடத்துவதாயின், எனக்கு முன்னிருந்த கரும்பலகையும் எதற்கு? இரவு அலமாரியைத் திறந்து, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் குறிப்புக்களோடு கூடிய சேனாவரையத்தை எடுத்தேன். ஆங்கிலத்துக்கு விடை தேடித் தொல்காப்பியத்தைத் திறப்பது நகைப்புக்கிடமானதென்று நண்பர்கள் பின்னர் சொன்னார்கள். எனக்கு வேறு புத்தகம் தெரியாது.

தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் மூன்றை வேற்றுமைக்கே ஒதுக்கினார். அவற்றுள் நடுவே நிற்பது வேற்றுமைமயங்கியல். ஓர் உருபுக்கு உரிய பொருளில் வேறோர் உருபு வருமிடங்களை ஆராய்வது அது. அங்கே அச்சத்தைக் குறிக்குஞ் சொல்லைப் பற்றித் தனியே ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். அச்சப் பொருளுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரும், இரண்டாம் வேற்றுமையும் வரும், பொருளிற் குறைவில்லை என்பது அதன் கருத்து. சுறாவின் அஞ்சும் என்றாலும் தமிழ்; சுறாவை அஞ்சும் என்றாலும் தமிழ். முன்னதில் சுறா அச்சத்துக்கு ஏது, அதாவது அச்சம் புறப்படுமிடம். பின்னதில் சுறா செயப்படுபொருள்.

இதை ஆங்கிலத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அங்கே அச்சத்துக்கு வினைச்சொல் ஒன்றும் பண்புச்சொல் ஒன்றும் உள்ளன. 'ஃபியர்' என்ற வினை இடையில் எதையும் ஏலாது நேரே செயப்படுபொருளைக் கொள்ளும். அது நம் இரண்டாம் வேற்றுமை. 'அஃப்ரெயிட்' என்ற பண்புச்சொல்லோ 'ஒவ்' என்பதை அவாவி நிற்கும். அந்த 'ஒவ்' எந்த வேற்றுமை? என் அட்டவணைப்படி ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள். நாயினுடைய அச்சம் என்றால் அஞ்சுவது நாயாகிவிடும். அட்டவணை உடைந்த இடம் அதுதான்.

பழைய ஆங்கிலத்தில் 'ஒவ்' என்பதும், விலகற் பொருளில் இன்று வழங்கும் 'ஓஃப்' என்பதும் இரு சொற்களல்ல, ஒரே சொல். 'அப்பால்', 'நின்று' என்பதே அதன் மூலப்பொருள். அழுத்தம் பெற்ற வடிவம் 'ஓஃப்' ஆகவும் அழுத்தம் இழந்த வடிவம் 'ஒவ்' ஆகவும் பின்னாளிற் பிரிந்தன. பிரெஞ்சு மொழியின் 'தெ' என்னும் சொல்லை அடியொற்றி 'ஒவ்' உடைமைப் பொருளிலும் பெருகியது. நாம் பாடசாலையில் முதலிற் கற்பது அந்தப் புதுப்பொருளையே. 'அஃப்ரெயிட் ஒவ்' என்னுமிடத்தில் நிற்பதோ பழைய நீங்கற்பொருளின் வழிவந்தது. அச்சம் எதனின்று எழுகிறதோ அதைக் காட்டுவது. தமிழில் அதற்குப் பெயர் ஐந்தாம் வேற்றுமை. வடமொழியில் பாணினி முனிவரும் அச்சத்துக்கு ஏதுவானதை அபாதானம் என வகுத்து ஐந்தாம் வேற்றுமையே கொடுத்தார். தமிழும் அதற்கு இனமல்லாத அம்மொழிகளும் அச்சம் என்ற ஒரு பொருளில் ஒரே வழியிற் செல்வது வெறுந் தற்செயலென்று என்னால் தள்ளிவிட இயலவில்லை.

தந்தையாரின் துறைமுக ஆங்கிலமும் அப்பொழுது எனக்கு வேறாக ஒலிக்கத் தொடங்கியது. பாறையினின்று விலகிப் போகும் கப்பலை அவர் 'கிளியர் ஒவ் த ரொக்' என்பார். நன்னீர் குறைந்த கலத்தை 'ஷோர்ட் ஒவ் வாட்டர்' என்பார். கட்டணம் நீங்கிய சரக்கு 'ஃப்ரீ ஒவ் சார்ஜ்'. விலகல், குறைதல், நீங்கல் என்னும் இவையெல்லாம் ஐந்தாம் வேற்றுமையின் வீட்டுப் பொருள்கள். அவர் அறியாமலே ஐந்தாம் வேற்றுமையை நாள்தோறும் கப்பற்பட்டறையில் வழங்கியிருக்கிறார். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். என் போன்றோருக்குள்ள பெருங்குறை, ஒரு திறப்புக் கிடைத்தால் ஊரிலுள்ள பூட்டுக்கெல்லாம் அதைப் போட்டுப் பார்ப்பது. 'ஃபுல் ஒவ் வாட்டர்' என்னும்போது நீங்கல் எங்கே இருக்கிறது? நிறைவன்றோ இருக்கிறது? அதே கருத்தை 'ஃபில்ட்' என்ற எச்சச் சொல்லாற் கூறினால் 'ஒவ்' மறைந்து 'வித்' வந்துவிடுகிறது. நாமும் நீர் நிறைந்த குடம் என்று உருபின்றியும், நீரால் நிறைந்த குடம் என்று மூன்றாம் உருபோடும் கூறுகிறோம். இத்தகைய இடங்களில் தந்தையாரின் 'அப்பிடித்தான்' என்னும் விடையே சிறந்தது.

பிள்ளை 'டு' என்று எழுதியது எப்படி? அவன் வாயில் வழங்கும் தமிழ் அப்படி. இன்று எவரும் சுறாவின் அஞ்சினான் என்பதில்லை. 'ஆழத்துக்குப் பயம்', 'பழிக்கு அஞ்சினான்' என்று நான்காம் உருபே ஆட்சி செய்கிறது. பிற வேற்றுமைப் பொருள்களிலும் நான்காம் உருபு வந்து வழங்குமென்று தொல்காப்பியனாரே அதே இயலில் வழிவிட்டிருக்கிறார். அந்த வழியிலே தமிழ் நடந்து வந்துவிட்டது. ஆகவே பிள்ளை தன் தாய்மொழியை நேர்மையாகவே பெயர்த்தான். பெயர்க்கக் கூடியதென்று நம்பவைத்தவன் நான்.

இதற்கும் அடியில் ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தைப் போலப் பண்புச்சொல் என்றொரு தனிவகை தமிழில் வலுவாக இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டு வெளியிட்ட கால்டுவெல் ஐயரும், நம் மொழிகளில் அத்தொழிலைப் பண்புப்பெயர்களும் பெயரெச்சங்களுமே செய்கின்றன எனக் கண்டார். அவர் அஞ்சுகிறார் என்பது நமக்கு வினை. எனக்குப் பயம் என்பது நமக்குப் பெயர். ஆங்கிலேயனோ 'நான் அச்சமுடையவனாய் இருக்கிறேன்' என்பது போலப் பண்புச்சொல்லை எழுவாயின்மேல் ஏற்றிச் சொல்கிறான். தமிழில் வினை கேட்கும் உருபை அங்கே பண்புச்சொல் கேட்கிறது. கேட்பவர் வேறானால் கேட்கப்படும் பொருளும் வேறாகும். உருபுக்கு உருபு நேர்வைப்பது இதனால்தான் வீண். எந்தச் சொல் கேட்கிறது, என்ன பொருளிற் கேட்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர் தொல்காப்பியனார். ஐந்தாம் வேற்றுமைக்குரிய பொருள்களை அவர் அடுக்கிச் செல்லும் சூத்திரத்தை மாணாக்கர் மனனஞ் செய்வர். எதற்கென்று வியந்து கேட்பவர் அரியர். நிறம், வடிவு, அளவு, சுவை, குளிர்ச்சி, வெப்பம், அச்சம், நன்மை, தீமை, சிறுமை, பெருமை, முதுமை, இளமை எனத் தொடர்ந்து, நாற்றம், தீர்தல், பற்றுவிடுதல் வரை அது செல்கிறது. என்ன பட்டியல் இது? பெரும்பாலும் பண்புகளின் பட்டியல். எந்தப் பண்பு எந்த உருபோடு கூடும் என்று பொருள்வகையாற் கூட்டங்கூட்டமாகப் பிரித்துக் காட்டிய பட்டியல். நன்னூலாரும் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, முறை முதலியவற்றை வகுத்தார். இக்கண்ணோடு ஆங்கிலத்தைப் பாருங்கள். அன்புடைமையைக் கூறும் 'கைண்ட்' என்பதும் கொடுமையைக் கூறும் 'குரூவல்' என்பதும் எதிர்ச்சொற்கள். ஆனால் இரண்டும் 'டு' என்பதையே கேட்கின்றன. நட்பும் பகையும் ஒரே வேற்றுமையில் அடங்குமென்று நன்னூல் கற்ற பிள்ளைக்கு இதில் வியப்பில்லை. 'மேரீட்' என்பது 'வித்' கொள்ளாது 'டு' கொள்வதும் அப்படியே. அங்கே கூறப்படுவது உடனிகழ்ச்சியன்று, முறை. இவருக்கு இவர் மனைவி என்கிறோமல்லவா? அந்த 'கு'வே அங்கு 'டு'வாக நிற்கிறது.

'குட் அட்' என்பது மட்டும் எனக்கு நெடுநாள் வசப்படவில்லை. நமக்கு இடப்பொருள் ஒன்றே, அது ஏழாம் வேற்றுமை. ஆங்கிலேயர் அந்த ஒன்றை 'இன்', 'ஒன்', 'அட்' என மூன்றாகக் கூறுபோட்டுக்கொண்டார்கள். அகத்தே அடங்கியது, மேலே பொருந்தியது, குறியிற் பட்டது என அவற்றைப் பிரித்துக் காட்டினேன். திறமை என்பது குறிபார்த்து எறிவது போன்றது, ஆதலின் 'அட்' என்று மாணாக்கருக்குச் சொல்லி வந்தேன். அது உண்மையான வரலாறோ, என் கற்பனையோ, பிள்ளைகள் மறக்கவில்லை. 'பேட் அட்', 'கிளெவர் அட்', 'ஹோப்லெஸ் அட்' என்று திறமையும் திறமையின்மையும் ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தன.

அயலாரைச் சொல்வானேன், நம்மவருக்குள்ளும் இவ்வேறுபாடு உண்டு. தமிழகத்தில் ஒருவர் 'எனக்கு அவன்மேல் கோபம்' என்பார். ஈழத்தில் நாம் 'எனக்கு அவனிலே கோபம்' என்போம். விருப்பமும் நமக்கு 'அவரிலே'தான். சென்னையிலிருந்து வந்த அன்பர் ஒருவர் இதைக் கேட்டு, ஆளுக்குள்ளே எப்படிக் கோபம் இருக்கும் என்று சிரித்தார். ஆளின்மேல் மட்டும் எப்படி ஏறியிருக்கும் என்று நான் கேட்டேன். இங்கிலாந்தாருக்கும் அமெரிக்கருக்கும் இதே வழக்கு உண்டு. 'டிஃபரன்ட்' என்ற சொல்லுக்குப்பின் 'ஃப்ரம்' என்பது எங்கும் செல்லும். இங்கிலாந்தில் 'டு' என்பாரும் உளர், அமெரிக்காவில் 'தான்' என்பாரும் உளர். சொல்லுக்குச் சொல் உறவு கட்டும் இடத்தில் ஊருக்கு ஊர் சம்பிரதாயம் வேறு.

இந்த உறவுகளை அகராதியில் ஏற்றவேண்டுமென்று ஆங்கிலேயருக்கு வழிகாட்டிய பெருமை, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்த ஓர் ஆசிரியருக்கு உரியது. ஏ. எஸ். ஹோர்ன்பி என்பவர் யப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். தாய்மொழியாளர் கேளாத 'ஏன்'களை யப்பானிய மாணாக்கர் கேட்டிருப்பார்கள். அவர் இருவர் துணையுடன் தொகுத்த அகராதி 1942ஆம் ஆண்டு தோக்கியோவில் வெளிவந்தது. சொல்லின் பொருளோடு நில்லாது, அச்சொல் வாக்கியத்தில் எவற்றோடு எப்படிக் கூடும் என்பதையும் காட்டியது அது. அதே 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தன என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒருவகை மயக்கம் உண்டாகும். போர் முடிந்தபின், 1948ஆம் ஆண்டு, ஒக்ஸ்ஃபோர்ட் அச்சகம் அந்நூலை ஏற்று வெளியிட்டது. இன்று நம் மாணாக்கர் கைகளில் உள்ள ஒக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதி அதன் வழித்தோன்றலே. பின்னர் 1998இல், பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கோபில்ட் குழுவினர், கணினியில் திரட்டிய பெருந்தொகை வழக்குகளை ஆராய்ந்து, பெயர்ச்சொற்களும் பண்புச்சொற்களும் கொள்ளும் அமைப்புக்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டனர். ஒரே முன்னிடைச்சொல்லைக் கொள்ளும் பண்புச்சொற்கள் பொருளாலும் சில கூட்டங்களாகவே பிரியும் என்பது அந்நூலின் அடிப்படை. தொல்காப்பியப் பட்டியலைப் படித்தவனுக்கு இது பழைய நண்பரைப் புதிய உடையிற் காண்பது போன்றது.

இதனை எழுதுவதற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றில், இளைஞர் ஒருவர், வேற்றுமை இலக்கணத்தில் மாணாக்கரின் நேரத்தை வீணாக்காது அந்த நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுக்கலாமே என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை (அவரிலே என்று எழுதினால் அச்சகத்தார் திருத்திவிடுவர்). க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்திற் பின்தங்கும் பிள்ளைகளின் துன்பத்தை அவர் நாள்தோறும் பார்ப்பவர். ஆனால் அவர் கையிலிருந்த பாடக்குறிப்பில் பண்புச்சொற்கள் அகரவரிசையில், எதிரே முன்னிடைச்சொற்களோடு, நூற்றுக்கு மேல் நின்றன. என் பழைய அட்டவணையின் தம்பி அது. என்னுடையது பொய் சொன்னது. இது ஒன்றுமே சொல்லவில்லை. 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் பின்பு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறிய விபுலாநந்த அடிகள், இதே ஊரில் இந்துக் கல்லூரி அதிபராய் இருந்தவர். அவர் நடந்த முற்றத்திலே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றின் நேரத்தை மற்றது தின்பதாகப் பேசுவது எனக்கு வருத்தந் தந்தது.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. 'யூஸ்ட் டு' என்ற தொடரில் நம் மாணாக்கர் ஆண்டுதோறும் இடறுவர். பழகியவன் என்னும் பொருளில் அது பண்புச்சொல்லும் முன்னிடைச்சொல்லும் சேர்ந்தது. பின்னே பெயர்தான் வரும், வினை வருவதாயின் 'ஸ்விம்மிங்' எனத் தொழிற்பெயராகித்தான் வரும். முன்னொரு காலத்து வழக்கத்தைக் கூறும் மற்றோர் 'யூஸ்ட் டு' உண்டு. அதன்பின் வெறும் வினையே வரும். இதை விதியாகச் சொன்னால் மறப்பர். நீந்து என்பதற்கு நேரே உருபு ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்டால், ஒரு கணம் விழித்துவிட்டு, நீந்துவதற்கு, நீந்தலுக்கு என்று வகுப்பு முழுவதும் சொல்லும். உருபேற்பது பெயர், வினை உருபேற்க வேண்டின் முதலிற் பெயராக வேண்டும். தமிழில் அறிந்த இந்த ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தால் 'ஸ்விம்மிங்' தானே வந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் போதும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் உறவினர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போயிருந்தேன். புறாத்தீவுக்குச் செல்லும் படகுகள் நிற்கும் கரையிலே, வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஏறத் தயங்கி நின்றார். படகோட்டி கையை நீட்டி, 'ஆர் யூ அஃப்ரெயிட் ஒவ் டீப் வாட்டர், மேடம்?' என்று சிரித்துக்கொண்டே கேட்டான். குரலைக் கேட்டுத் திரும்பினேன். நரை தொடங்கிய தலை. ஆனால் அதே பிள்ளை.

என்னைக் கண்டதும் படகை விட்டு இறங்கி வந்தான். நலம் விசாரித்த பின், நான் கேளாமலே, "இப்ப பிழை இல்லையே ஐயா?" என்றான். அவனும் மறக்கவில்லை.

"பிழை இல்லை தம்பி. அது ஐந்தாம் வேற்றுமை" என்றேன். இருபது ஆண்டுகளாக அவனுக்குச் சொல்ல வைத்திருந்த விளக்கம் முழுவதும் நாவின் நுனியில் நின்றது.

"எத்தினையாம் வேற்றுமை எண்டு எனக்குத் தெரியாது ஐயா. கேட்டால் ஆக்கள் பயமில்லாமல் ஏறுவாங்கள்" என்று சொல்லிவிட்டு, பெண்மணியின் கையைப் பிடித்து ஏற்றி, படகைத் தள்ளிக்கொண்டு போனான்.